வாக்குப்பெட்டியிலிருந்து கூட்டாட்சிக்கு: மியான்மர் மக்களின் நெடும்போர்

மியான்மர் மக்கள் 1990, 2015, 2020 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் ராணுவத்தை எதிர்த்து நின்ற தேசிய ஜனநாயக லீக் கட்சிக்குப் பெரும் வெற்றியைத் தந்திருந்தும், 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் நாடாளுமன்ற ஆட்சியைக் கவிழ்த்த நாள்முதல் அந்நாட்டின் அதிகாரம் ஒருமுறைகூட முழுமையாக மக்கள் கைக்கு வந்ததில்லை. இதற்கான காரணத்தை ராணுவத்தின் ஆயுதபலத்தில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். ராணுவம் தன்னை நாட்டின் ஒற்றுமைக்குக் காவலாகக் காட்டிக்கொண்டதும், மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரான பமார் இனத்தவரில் பலர் மலைப்பகுதிகளிலும் எல்லைப்புறங்களிலும் வாழும் பிற இனத்தவரின் துயரத்தை நெடுங்காலம் தம்முடையதாகக் கருதாததும் மீதிப் பாதி விடையாகும். 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிந்தைய போராட்டம் முந்தைய எழுச்சிகளிலிருந்து வேறுபட்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

சுதந்திரத்துக்கு முன்பே இந்தச் சிக்கல் வேர்விட்டிருந்தது. விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சான், 1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலைநாட்டின் பாங்லோங் என்னும் ஊரில் ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை, எல்லைப்புறப் பகுதிகளுக்கு உள்நாட்டு நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி உண்டு என்பதைக் கொள்கையளவில் ஏற்றது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் அவர்கள் புதிய ஒன்றியத்தில் சேர ஒப்புக்கொண்டனர். ஆனால் அதே ஆண்டு ஜூலை 19 அன்று ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மாவின் (இன்றைய மியான்மரின்) அரசியல் சட்டமோ பெயரளவில் மாநிலங்களை வைத்துக்கொண்டு அதிகாரத்தை ரங்கூனில் குவித்தது. விரைவிலேயே கரேன் இனத்தவர் ஆயுதம் ஏந்தினர். பிரதமர் ஊ நூவின் காலத்தில், 1962 தொடக்கத்தில், ஷான் தலைவர்கள் உண்மையான கூட்டாட்சி கேட்டுத் தலைநகரில் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, நாடு உடையாமல் காக்கவே இந்த நடவடிக்கை என்று நியாயம் கூறினார். அன்று சொல்லப்பட்ட அதே காரணத்தைத்தான் அவருக்குப் பின்வந்த ஜெனரல்கள் அனைவரும் சொல்லிவந்தனர்.

எதிர்ப்பை ராணுவம் எப்படிக் கையாளும் என்பது அந்த ஆண்டு ஜூலை 7 அன்றே தெரிந்துவிட்டது. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் சுடப்பட்டனர், விடுதலைப் போராட்ட நினைவுகள் நிறைந்த மாணவர் சங்கக் கட்டடம் மறுநாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எல்லைப்புறங்களிலோ, கிளர்ச்சியாளர்களுக்கு உணவு, பணம், செய்தி, ஆள் ஆகிய நான்கும் சென்று சேராதபடி கிராமங்களையே அழிப்பது அல்லது இடம்பெயர்ப்பது என்ற ‘நான்கு வெட்டு’ முறை 1960-களில் உருவாகி, தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டது. நகரத்து பமார் மக்களுக்கு அந்த முறையின் கொடுமை செவிவழிச் செய்தியாகவே இருந்தது.

நே வின்னின் ‘சோஷலிசத்துக்கான பர்மிய வழி’ தமிழர் வரலாற்றையும் தொட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்பித்தர முடியாத உழவர்களின் நெல் நிலங்கள், கீழ் பர்மாவில் ஏறத்தாழ கால்பங்கு அளவுக்கு, தமிழ் வணிகரான நகரத்தாரின் வட்டித்தொழில் நிறுவனங்களின் கைக்குச் சென்றிருந்தன. பர்மிய உழவரின் மனக்குறைக்கு அதனால் நியாயம் இருந்தது. ஆனால் 1963-64 ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, நிலமோ பெரும் முதலோ இல்லாத சிறுவணிகரும் கூலித்தொழிலாளரும் நகரத்தாரோடு சேர்ந்து வெளியேற நேர்ந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் சேமிப்பையும் நகைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர் என்று மதிப்பிடப்படுகிறது. சென்னைத் துறைமுகத்தருகே உள்ள பர்மா பஜாரும், தமிழ்நாட்டுப் பல ஊர்களின் பர்மா காலனிகளும் அந்த வெளியேற்றத்தின் விளைவுகள். அந்நியரை விரட்டிய பெருமையை ராணுவம் தனக்கு அரசியல் முதலாக்கிக்கொண்டதே தவிர, பர்மிய உழவரின் வாழ்வு அதனால் உயரவில்லை.

1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு ஒரே நாளில் அறிவித்து, மாற்றித்தரவும் மறுத்ததால், மக்களின் கையிருப்பில் பெரும்பகுதி வெற்றுத்தாளானது. அவற்றின் இடத்தில் வந்தவை 45, 90 சாட் நோட்டுகள். ஒன்பது என்ற எண் தமக்கு நல்லது என்று நே வின் நம்பியதே அதற்குக் காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஒருகாலத்தில் அரிசி ஏற்றுமதியில் உலகின் முதலிடத்தில் இருந்த நாடு, அந்த ஆண்டின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய சூழலில், 1988 மார்ச்சில் ஒரு தேநீர்க்கடைத் தகராறைத் தொடர்ந்து ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் போன் மாவ் சுட்டுக்கொல்லப்பட்டதும், பல மாதங்களாகப் புகைந்துகொண்டிருந்த கோபம் நாடெங்கும் வெடித்தது. ஜூலை 23 அன்று பதவி விலகிய நே வின், ராணுவம் சுட்டால் வானத்தை நோக்கிச் சுடாது, குறிபார்த்தே சுடும் என்று எச்சரித்துவிட்டுச் சென்றார். அந்த எச்சரிக்கையையும் மீறி 8-8-88 என்று எண்ணால் அழைக்கப்படும் ஆகஸ்ட் 8 அன்று தொழிலாளர், மாணவர், பிக்குகள், அரசு ஊழியர் என அனைவரும் பொதுவேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 26 அன்று ஷ்வேடகன் பெருங்கோயிலின் அருகே திரண்ட பல லட்சம் மக்களிடையே ஆங் சானின் மகள் ஆங் சான் சூச்சி பேசினார். செப்டம்பர் 18 அன்று ராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டு எழுச்சியை ரத்தத்தில் அடக்கியது. அந்த ஆண்டில் கொல்லப்பட்டோர் சுமார் 3,000 பேர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

அந்த எழுச்சியின் பின்விளைவுகளில் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. தப்பியோடிய ஆயிரக்கணக்கான நகர மாணவர்கள் கரேன், கச்சின் போராளிகளின் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தபோதுதான், அங்கே எரிந்துபோன கிராமங்களையும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் போரையும் முதன்முறையாகக் கண்ணால் கண்டனர். ஜனநாயகமும் கூட்டாட்சியும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள் என்ற புரிதல் அந்தக் காட்டு முகாம்களில் விதைபட்டது. ஆனால் நாட்டின் உட்பகுதிக்கு அது வந்துசேர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1990 மே 27 தேர்தலில் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் 485 இடங்களில் 392-ஐ வென்றது. ராணுவம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்தது. சூச்சி 21 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 ஆண்டுகளை வீட்டுச்சிறையில் கழித்தார். 2007 ஆகஸ்டில் எரிபொருள் விலை திடீரென உயர்த்தப்பட்டபோது தெருவில் இறங்கிய பிக்குகள், ராணுவத்தினரிடமிருந்து பிச்சை ஏற்க மறுத்துத் தம் திருவோடுகளைக் கவிழ்த்தனர். பிக்குகளுக்கு உணவிட்டுப் புண்ணியம் சேர்ப்பதைச் சமயவாழ்வின் மையமாகக் கொண்ட தேரவாத பௌத்த நாட்டில், திருவோட்டைக் கவிழ்ப்பது என்பது ஒருவரைப் புண்ணியத்திலிருந்தே விலக்கிவைக்கும் கடும் தண்டனையாகும். மடங்களில் நள்ளிரவுச் சோதனைகள் நடத்தியும் பிக்குகளைச் சிறையிலடைத்தும் ராணுவம் அதற்கு விடையளித்தது.

அடுத்து வந்த 2008 அரசியல் சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் 2021-இன் ஆட்சிக்கவிழ்ப்பு அதற்குள்ளேயே ஒளிந்திருந்தது. நர்கிஸ் புயல் சுமார் 1,38,000 உயிர்களைக் கொண்டுசென்ற அதே மே மாதத்தில், பிணங்கள் ஐராவதி டெல்டாவின் வயல்களில் மிதந்துகொண்டிருந்தபோதே, அந்தச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் கிடைத்ததாக அறிவித்தனர். நாடாளுமன்ற இடங்களில் 25 விழுக்காட்டைத் தலைமைத் தளபதி நியமிக்கும் ராணுவ அதிகாரிகளுக்கு அது ஒதுக்கியது. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும் என்று விதித்ததால், ராணுவத்தின் சம்மதமின்றி எந்த அடிப்படை மாற்றமும் நிகழ முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களும் தளபதியின் கையில் இருந்தன. வெளிநாட்டவரை மணந்தவரோ, பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக உள்ளவரோ அதிபராக முடியாது என்ற 59-ஆம் பிரிவின் விதி சூச்சியை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்பதை அறியாதவர் இல்லை. இவற்றோடு, ராணுவம் நடத்திய இரு பெரும் வணிகக் குழுமங்கள் மாணிக்கம், வங்கி, பீர், புகையிலை எனப் பல துறைகளில் வேர்விட்டிருந்தன. படையின் வருவாய் நாடாளுமன்றத்தின் தயவை முழுமையாக நம்பியிருக்கவில்லை.

இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் 2015-இல் வென்று ஆட்சிக்கு வந்த லீக்கின் ஐந்தாண்டுகளை மென்மையாக மதிப்பிட முடியாது. சூச்சிக்கு ‘அரசு ஆலோசகர்’ என்ற பதவியை வகுத்துத் தந்தவரும், சட்டத்தை மாற்றும் வழிகளைத் தேடியவருமான முஸ்லிம் வழக்கறிஞர் கோ நீ, 2017 ஜனவரியில் யாங்கோன் (முன்னாள் ரங்கூன்) விமான நிலைய வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வேட்டையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு விரட்டப்பட்டனர். 1982-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய சூச்சி, 2019 டிசம்பரில் ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து வாதிட்டார். உள்நாட்டில் அதற்குப் பெரும் ஆதரவு இருந்தது. ராணுவத்தால் நசுக்கப்பட்ட மக்களே, தம்மினும் எளியோர் நசுக்கப்பட்டபோது ராணுவத்தின் சொல்லை நம்பினர். ஜனநாயக இயக்கம் இழைத்த மிகப்பெரும் பிழை இது.

2020 நவம்பர் தேர்தலில் லீக் 396 இடங்களையும் ராணுவ ஆதரவுக் கட்சி 33 இடங்களையும் பெற்றன. அடுத்த ஆண்டு ஜூலையில் 65 வயதை எட்டி ஓய்வுபெற வேண்டியிருந்த தலைமைத் தளபதி மின் ஆங் லைங், ஆதாரமில்லாத வாக்கு மோசடிப் புகாரைச் சொல்லி, புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று விடியற்காலையில் ஆட்சியைக் கவிழ்த்தார். மறுநாள் இரவே யாங்கோன் வீடுகளில் மக்கள் பானைகளையும் தட்டுகளையும் தட்டி ஒலியெழுப்பினர். தீயசக்திகளை வீட்டைவிட்டு விரட்டும் பழைய வழக்கம் அது. அரசு மருத்துவர்கள் தொடங்கிய சட்டமறுப்பு இயக்கம், அதாவது பணிக்குச் செல்லாமல் நிர்வாகத்தை முடக்கும் போராட்டம், ரயில்வே, வங்கி, பள்ளிகள் என்று பரவியது. மக்கள் மின்கட்டணம் செலுத்த மறுத்தனர், ராணுவ நிறுவனத்தின் பீரை வாங்க மறுத்தனர். பெண்கள் தம் இடுப்புத்துணிகளைத் தெருக்களின் குறுக்கே கொடிகட்டித் தொங்கவிட்டனர். அவற்றின் கீழ் நடந்தால் ஆண்மையின் ஆற்றல் குன்றும் என்ற நம்பிக்கையால் படையினர் தயங்கி நின்றனர். பெண்ணை இழிவாகக் கருதும் நம்பிக்கையைப் பெண்களே அரணாக மாற்றிக்கொண்டதைப் போன்ற கூர்மையான அரசியல் அறிவு அரிது. ராணுவம் துப்பாக்கியால் விடையளித்தது. மார்ச் 27, ராணுவ நாளன்று மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

அந்த வாரங்களில்தான் நகரத்து பமார் இளைஞர்கள், தம் தெருவில் பாயும் குண்டுகள் கரேன், கச்சின், ரோஹிங்கியா ஊர்களில் பலகாலமாகப் பாய்ந்தவையே என்பதை உணர்ந்தனர். ரோஹிங்கியா மக்களிடம் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டவர்கள் பலர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு மார்ச் 31 அன்று 2008 சட்டம் நீக்கப்பட்டதாக அறிவித்து, கூட்டாட்சி ஜனநாயகச் சாசனத்தை வெளியிட்டது. அக்குழு ஏப்ரலில் அமைத்த தேசிய ஒற்றுமை அரசில் தற்காலிக அதிபராகக் கச்சின் இனத்தவரான துவா லாஷி லாவும், பிரதமராகக் கரேன் இனத்தவரான மான் வின் கைங் தானும் பொறுப்பேற்றனர். ஜூனில் அந்த அரசு 1982 குடியுரிமைச் சட்டத்தை நீக்குவதாக உறுதியளித்தது. 1988-இல் மக்கள் கேட்டது தேர்தலை. 2021-இல் அவர்கள் கேட்டது புதிய ஒன்றியத்தை.

அமைதிப் போராட்டத்துக்கு இடமில்லாமல் போனபின் இளைஞர்கள் மக்கள் பாதுகாப்புப் படைகளில் சேர்ந்து, பழைய இனப் படைகளிடம் பயிற்சி பெற்றனர். 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இனப் படைகள் கூட்டாகத் தொடங்கிய தாக்குதலில் ஷான் மாநிலத்தின் வடபகுதி சரிந்து, 2024 ஆகஸ்டில் லாஷியோ நகரிலிருந்த ராணுவத்தின் மண்டலத் தலைமையகமும் வீழ்ந்தது. ஆயினும் அந்நகரம் 2025-இல் சீனாவின் தலையீட்டால் ராணுவத்திடமே திரும்பிப் போனது. அந்த மூன்று படைகளில் ஒன்றான, ரக்கைனில் பெரும்பகுதியைக் கைப்பற்றிய அரக்கான் படைமீதும் ரோஹிங்கியா மக்களைத் துன்புறுத்தியதாகக் கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளன. சாசனத்தில் எழுதப்பட்ட ஒற்றுமை களத்தில் இன்னும் முழுமையாக விளையவில்லை.

தரையில் இழந்ததை ராணுவம் வானிலிருந்து பழிவாங்குகிறது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் வட்டாரத்தின் பசிஜி கிராமத்தில் கூடியிருந்தோர்மீது குண்டுவீசியதில் 160-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 ஜூலையில், 1988 எழுச்சியின் மூத்த போராளி கோ ஜிம்மியும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ ஸெயா தாவும் உள்ளிட்ட நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு ஓடினர். லீக் கட்சி 2023-இல் கலைக்கப்பட்டது. தேர்தலை விமர்சிப்பதையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டத்தோடு 2025 டிசம்பர் 28 அன்று வாக்குப்பதிவு தொடங்கப்பட்டது. போர் நடக்கும் பல வட்டாரங்களில் வாக்குச்சாவடியே இல்லை. இதைத் தேர்தல் என்று ஏற்பது, 2020-இல் வாக்களித்த மக்களை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.

மியான்மரோடு 1,643 கிலோமீட்டர் எல்லையைப் பகிரும் இந்தியா, ராணுவ ஆட்சியைக் கண்டிக்கும் 2021 ஜூன் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகியது. ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் இந்தியாவிலிருந்து சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் அந்த ராணுவத்தைச் சென்றடைந்ததாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023-இல் பதிவுசெய்தார். எல்லை கடந்து வந்தோரைத் தடுக்குமாறு ஒன்றிய உள்துறை எழுதியபோதும், மிசோரம் மாநிலம் தன் மக்களின் உறவினரான சின் மக்கள் பல்லாயிரவருக்குப் புகலிடம் தந்தது. மிசோரம் காட்டிய அந்தப் பரிவை டெல்லியும் கைக்கொள்ள வேண்டும்: ஆயுதப் பொருள்களின் விற்பனையை நிறுத்த வேண்டும், வந்தவரைத் திருப்பியனுப்பாமல் அகதிகளாக ஏற்க வேண்டும், தேசிய ஒற்றுமை அரசோடும் இன அமைப்புகளோடும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கோரிக்கை உரக்க எழ வேண்டும்.