வேலியில் படர்ந்திருக்கும் தீவனம்

சங்குப்பூவைத் தெரியாதவர் உண்டா? வேலியில் படர்ந்திருக்கும். காலையில் நாலு பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைப்போம். அதோடு சரி! அது மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு உரம் என்று சொன்னால் விருதுநகர்ப் பக்கத்துச் சம்சாரிகள் பலர் சிரிப்பார்கள்.

ஆனால் விஷயம் உண்மை. சங்குக்கொடி பயறு இனத்தைச் சேர்ந்தது. அதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கும் யூரியாவில் இருப்பதும் இதே நைட்ரஜன்தான்.

சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகள் மழையை நம்பியவை. மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மழை பொய்த்தால் மனிதர்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போவார்கள். மாடு எங்கே போகும்? சித்திரை வெயிலில் சோளத்தட்டையை மென்றுகொண்டு நிற்கும். தட்டையில் வயிறு நிறையும். புரதச் சத்து சொற்பம். சங்குக்கொடியின் காய்ந்த தழையிலோ நூற்றுக்கு 17 முதல் 20 பங்கு வரை புரதம்! கொடி களிமண்ணில் நன்றாக வளரும். நீண்ட கோடையையும் தாங்கும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நம் கரிசலைப் போல வெடிக்கும் களிமண் உண்டு. தானியம் விதைத்து விதைத்துச் சாரம் போன நிலங்களில், அங்கே சங்குக்கொடியை விதைத்து மாடு மேய்க்கிறார்கள். இதற்கென்றே 1991-இல் ‘மில்காரா’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள்.

“ஒரு போகத்தைக் கொடிக்கு விட்டுவிட்டால் வயிற்றுக்கு என்ன செய்வது?” நியாயமான கேள்வி. தனியாக நிலம் ஒதுக்க வேண்டாம். சோளத்தோடு கலந்து விதைத்தால் தட்டையைப் பற்றிக்கொண்டு ஏறும். இரண்டையும் சேர்த்து அறுத்து மாட்டுக்குப் போடலாம். ஒட்ட அறுக்காமல் அடித்தண்டை விட்டால் மறுபடி தழையும். ஆடுகளை ஓயாமல் மேயவிட்டால் மட்டும் பட்டுப்போகும். உரத்துக்கென்றால், பூக்கும் சமயத்தில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே மடக்கி உழ வேண்டும். காய்ந்த மண்ணில் தழை மக்காது.

விதைக்குப் பணம் வேண்டாம், வேலியிலேயே இருக்கிறது. நெற்று முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். பழுப்பு நிறம் கண்டதுமே பறித்துவிடுங்கள். விதையின் தோல் கெட்டி. கரட்டு மணலில் தேய்த்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். விதையைத் தின்றால் பேதியாகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.