காப்பின்றிப் பிறந்தவர்களும் கொரோனாவும்

2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதியன்று, கொரோனாத் தொற்றைக் குறித்த சர்வதேச அவசர நிலைமை முடிவுற்றதென உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அதற்கு வெகு முன்பே ஜனங்கள் முகக்கவசத்தைக் களைந்துவிட்டுத் தத்தம் அலுவல்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டனர். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், அவசரம் யாருக்குத் தீர்ந்தது, யாருக்குத் தீரவில்லை என்று விசாரியாமலே வழக்கின் கட்டை மூடி வைத்துவிடுவது நியாயமாகாது. சாட்சிக் கூண்டில் ஏற்றப்படாமலே நிற்கும் ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சக்தியில் ஏதேனும் ஓர் அங்கம் குன்றிய நிலையிலேயே சிலர் பிறக்கின்றனர். இவ்வாறான பிறவிக் குறைகள் 500-க்கு மேற்பட்டவை இருப்பதாக நிபுணர்கள் வகுத்திருக்கின்றனர். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். எல்லாவற்றையும் ஒருங்கே சேர்த்து எண்ணினால் அத்தொகை அலட்சியம் செய்யத்தக்கதன்று. இக்குறை அவர்களுடைய நடத்தையால் வந்ததன்று. மரபணுவில் நேர்ந்த ஒரு பிழையால் வந்தது.

இக்குறைகளுள் முதன்முதலில் தெளிவாக அறியப்பட்டவற்றில் ஒன்றை 1952-இல் அமெரிக்க ராணுவ வைத்தியர் ஆக்டன் புரூட்டன் வெளியிட்டார். அடிக்கடி கடுந்தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய ரத்தத்தை அவர் சோதித்தபோது, கிருமிகளைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்ற பகுதியே அதில் காணப்படவில்லை. பிறருடைய ரத்தத்திலிருந்து எடுத்த அப்பொருளைச் செலுத்தியதும் சிறுவன் தேறினான். இதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது எக்ஸ் குரோமசோமில் இருப்பதால், தாய் நலமாக இருக்க, மகனே நோயாளியாகிறான்.

2020-இல் கொரோனா பரவியபோது, இத்தகையோரே முதலில் மாள்வார்கள் என்று வைத்தியர்கள் அஞ்சினர். வாளும் கேடயமும் இல்லாதவன் போர்க்களத்தில் முதலில் வீழ்வான் என்று எண்ணுவது இயல்புதானே? ஆனால், இத்தாலியிலிருந்து அவ்வருஷமே வந்த செய்தி வேறு விதமாக இருந்தது. எதிர்ப்பொருளே உற்பத்தியாகாத சிலர், கொரோனா கண்டும் பிழைத்தெழுந்தனர். எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதோடு மற்ற அணுக்களின் ஒழுங்கும் குலைந்த வேறொரு பிறவிக் குறையுடையோரோ அவர்களைக் காட்டிலும் கடுமையாகத் துன்புற்றனர். எண்ணிக்கையில் மிகச் சிலரேயாயினும், இவர்கள் ஓர் உண்மையை உணர்த்தினர். வைரஸை ஒழிப்பதில் எதிர்ப்பொருள் மட்டும் வேலை செய்வதில்லை. டி அணுக்கள் என்ற மற்றொரு படையும் பெரும் பங்கு வகிக்கிறது.

2021-இல் பல நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடிப் பிறவிக் குறையுடைய 94 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டனர். மூன்றிலொரு பங்கினருக்கு மேல் லேசான நோயோடு தப்பினர். ஒன்பது பேர் மாண்டனர். எல்லோரும் மாள்வர் என்ற பயமும் பொய். எல்லோரும் பிழைப்பர் என்ற அலட்சியமும் பொய். எந்த அங்கம் குன்றியிருக்கிறது என்பதே ஆளின் கதியைப் பெரிதும் நிர்ணயிக்கிறது.

பிழைத்தவர்கள் எல்லோரும் எளிதில் பிழைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். எதிர்ப்பொருள் இல்லாதவர் உடலில் வைரஸ் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், குடியிருந்து மீண்டும் மீண்டும் காய்ச்சலை எழுப்புகிறது. ரெம்டெசிவிர் மருந்தாலும், நோய் கண்டு தேறியவர்களின் பிளாஸ்மாவாலும் அதை வெளியேற்ற நேர்ந்த வரலாறுகள் பல. மற்றவருக்கு ஒரு வாரத்துச் சங்கடமாயிருப்பது இவர்களுக்கு ஒரு பருவத்துப் போராட்டம்.

இனி, இதைக் காட்டிலும் வியப்பான மற்றொரு பகுதிக்கு வருவோம். வைரஸ் நுழைந்த மாத்திரத்தில் உடலின் அணுக்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்புவதற்கு உதவும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டறிந்தனர். இந்த எச்சரிக்கை பிறவியிலேயே ஊமையாகிப்போனவர்கள் உண்டோ என்று, நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஆராய்ச்சி நடத்தும் ழான் லாரன் கஸனோவாவின் குழுவினர் தேடினர். 2020 செப்டம்பரில் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், உயிருக்கு மன்றாடிய கொரோனா நோயாளிகள் 659 பேரில் 23 பேருக்கு இக்குறை இருந்தது. அவர்களுள் நால்வர் 25-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயதினர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் குறையுள்ள மரபணுவைப் பெற்றவர்கள். ஆயினும் அதுவரையில் எந்த வைரஸ் நோய்க்கும் ஆஸ்பத்திரியில் படுக்க நேராதவர்கள்!

அதே வருஷம் ஹாலந்தில், இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு ஜோடிச் சகோதரர்கள், 21 முதல் 32 வயது வரையுள்ள திடகாத்திரமான வாலிபர்கள், கொரோனாவால் சுவாசக் கருவியை நாட நேர்ந்தது, ஒருவர் இறந்தார். அவர்களிடம் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு பழுதுபட்டிருந்தது. வைரஸின் வரவை மோப்பம் பிடித்து இன்டர்ஃபெரானை ஏவுவது அதன் வேலை. இதுவும் எக்ஸ் குரோமசோமைச் சேர்ந்ததாகையால் ஆண்மக்களையே பெரிதும் பாதிக்கிறது.

மற்றொரு தொகுதி 987 கடும் நோயாளிகளில் 101 பேருடைய ரத்தத்தில், தம் சொந்த இன்டர்ஃபெரானையே செயலறச் செய்யும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசான நோய் கண்டவர்கள் 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. பெரும்பாலோருக்கு இது வயதேற ஏற வருவது, ஆனால் ஏ.பி.எஸ்.-1 என்ற பரம்பரை நோயுடையோருக்கு இளமையிலேயே வருவது. அவர்களில் கொரோனா கண்ட 22 பேரைப் பற்றிய 2021-ஆம் வருஷத்து அறிக்கையில், 19 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர், நால்வர் இறந்தனர்.

இவற்றிலிருந்து தெரிவது யாது? பலவீனன் என்று நாம் கருதியவன் பிழைக்கிறான். பலசாலி என்று கருதியவன் வீழ்கிறான். ஆகவே, “நான் திடமானவன், எனக்கு ஒன்றும் வராது” என்ற வீராப்புக்கு ஆதாரமில்லை. நேற்றுவரை நலமாயிருந்த ஒருவர் ஒரே வாரத்தில் ஏன் மாண்டார் என்று துக்கத்தோடு கேட்ட எத்தனையோ குடும்பங்களில் சிலவற்றுக்கேனும் இன்று விடை கிடைத்திருக்கிறது. அந்த விடையை உலகுக்கு அளித்தவர்கள், தம் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்த இந்த நோயாளிகளே. நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கடனைத் தீர்க்கும் வழிகள் எளியவை. முதலாவது, பிளாஸ்மாத் தானம். இவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டிய இம்யூனோகுளோபுலின், ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவைக் கலந்து தயாரிக்கப்படுகிறது. தானம் பெற்று மருந்தாவதற்குப் பல மாதங்கள் செல்லும். அதனால் 2020-இல் கிடைத்த மருந்தில் கொரோனா எதிர்ப்பொருள் இல்லை. ஜனங்கள் நோய் கண்டும் ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி பெற்ற பிறகே, 2021 முதல் அது மருந்திலும் தோன்றியது. முகமறியாத ஆயிரம் பேரின் பாதுகாப்பு ஒரு சிறுவனின் நரம்பில் ஏறுகிறது.

இரண்டாவது, தடுப்பூசி. எதிர்ப்பொருள் உண்டாக்க இயலாதவர்களிடமும் அது டி அணுக்களைப் பழக்குகிறது. அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர் போட்டுக்கொள்வது அதனினும் அவசியம். மருந்தையே முழுதும் நம்பியிருக்க முடியாது என்பதற்குச் சான்றும் உண்டு. இத்தகையோருக்கென்று 2021 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அனுமதித்த எவுஷெல்ட் என்ற எதிர்ப்பொருள் ஊசி, வைரஸ் உருமாறியதால் பயனற்றுப்போய், 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

“சிலருக்காகப் பலர் ஏன் கஷ்டப்பட வேண்டும்?” என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கடைவீதியை அடைக்கும்படி இன்று யாரும் கேட்கவில்லை. காய்ச்சலும் இருமலும் உள்ளவர் வீட்டில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர் முகத்தை மூடிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடங்களிலும் காரியாலயங்களிலும் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். இவற்றைச் செய்பவருக்கு நஷ்டம் சொற்பம். செய்யாவிடில் மற்றவருக்கு நேரும் நஷ்டம் உயிர். நியாயத் தராசில் எந்தத் தட்டுத் தாழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சர்க்கார்களின் கடமை இதனினும் பெரிது. கொரோனா கண்டவுடன் இவர்களுக்கு வைரஸ் மருந்து தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் பணக்காரர் மட்டுமே வாங்கக்கூடிய பண்டமாயிருப்பது எந்தச் சுதந்தர நாட்டுக்கும் அழகன்று. பிறந்த குழந்தையின் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு கடும் பிறவிக் குறையை அறியும் சோதனையை அமெரிக்காவின் விஸ்கான்சின் ராஜ்யம் 2008-இல் தொடங்கியது. 2018-க்குள் அந்நாடு முழுவதும் அது பரவிவிட்டது. மற்ற நாடுகளும் பின்பற்றத்தக்க வழி இது. அடுத்த பெருந்தொற்று வரும் நாளை யாரும் அறியார். அன்று காப்பின்றி நிற்கப்போகிறவர்கள் யார் என்பதை இன்றே அறிந்து வைத்துக்கொள்ளலாம். அதற்கான சட்டத்தையும் பணத்தையும் ஜனப்பிரதிநிதிகளிடம் கேட்டுப் பெறுவது நேயர்களின் பொறுப்பு.