காய்ச்சல் இறங்கிய பிறகு

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமல் வாழ்ந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பிறவியிலேயே காது கேளாதவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தபோது அவருக்குக் கண் தெரிந்தது, காதும் கேட்டது. 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் கண்டது. குழந்தை பிழைக்காது என்றே மருத்துவர் நினைத்தார். ஆனால் காய்ச்சல் சட்டென்று இறங்கிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. பார்வையும் கேட்கும் திறனும் போய்விட்டது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சலாக அது இருந்திருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

மூளைக்காய்ச்சலில் கிருமி தாக்குவது மூளையைச் சுற்றியுள்ள உறைகளை. அப்படியிருக்க, காது ஏன் கெடுகிறது? அந்த உறைகளுக்கு நடுவே ஒரு திரவம் ஓடுகிறது. அங்கிருந்து உள்காதுக்கு மிக நுண்ணிய கால்வாய் ஒன்று போகிறது. கிருமியும் அது கக்கும் நச்சும் அந்த வழியாக உள்காதுக்குள் நுழைந்துவிடும். அங்கே நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் காக்ளியா. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் உண்டு. ஒலி வந்ததும் அவற்றின் நுனியிலுள்ள இழைகள் அசையும். அந்த அசைவு மின்குறிப்பாக மாறி மூளைக்குப் போகும். நச்சு பட்டால் இந்தச் செல்கள் செத்துவிடும். கோழிக்குஞ்சுக்கு மயிர்ச் செல் செத்தால் புதிதாக முளைத்துவிடும். மனிதருக்கு முளைக்காது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் உண்மை இது.

மூளைக்காய்ச்சல் வந்த எல்லாருக்கும் காது போவதில்லை. யாருக்கு ஆபத்து கூடுதல்? முதலில், எந்தக் கிருமி என்று பார்க்க வேண்டும். நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காதை அதிகம் கெடுக்கிறது. அடுத்து, சிகிச்சை தாமதமானவர்கள். நோயின்போது வலிப்பு வந்த குழந்தைகளையும் மருத்துவர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். முதுகில் ஊசி போட்டு அந்தத் திரவத்தைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கும்போது, அதில் சர்க்கரை மிகக் குறைவாக இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். அழற்சி கடுமையாக இருக்கிறது என்று பொருள். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் மயிர்ச் செல்களைக் கெடுக்கக்கூடும். தாயிடமிருந்து வரும் ஒருவகை மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதில் நடக்கும். அதற்காக மருந்தே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த நோயில் மருந்து தாமதமானால் உயிருக்கே ஆபத்து.

காதுக்குக் கேடு பெரும்பாலும் நோயின் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. ஒரு வயதுக் குழந்தை "அம்மா, எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லுமா? அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவதற்கு முன்பே, முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள், காதைச் சோதிக்க வேண்டும். குழந்தை தூங்கும்போதே தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. வலிக்காது.

இதில் அவசரம் காட்ட இன்னொரு காரணமும் உண்டு. அழற்சி வந்த காக்ளியாவுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளரத் தொடங்கலாம். அது அடைத்துக்கொண்டால், கேட்க உதவும் காக்ளியர் கருவியின் மெல்லிய கம்பியை உள்ளே செலுத்துவது கடினம். முன்கூட்டியே தெரிந்தால், வழி அடைபடுவதற்குள் அறுவை செய்துவிடலாம்.

நோயே வராமல் தடுப்பது எல்லாவற்றையும்விட நல்லது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பு மருந்து, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. இந்தியாவில் 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் அதை முதலில் போடத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். நியூமோகாக்கஸுக்கான பிசிவி ஊசி பின்னால் வந்தது. அது 6 வாரத்திலும், 14 வாரத்திலும், 9 மாதத்திலும் போடப்படுகிறது. உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பாவோ தங்கைப் பாப்பாவோ இருந்தால், தடுப்பூசி அட்டையை வாங்கி இந்த இரண்டு பெயர்களும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.