விளையாட்டைப் பதிவுசெய்யும்போது சுமை எங்கே விழுகிறது?

குறைந்த விலைக் கணினியில் தடையின்றி ஓடும் விளையாட்டு, பதிவு தொடங்கியதும் திக்கித் திக்கி நகருமானால், ஹார்ட் டிஸ்கின் வேகம் போதவில்லை என்று முடிவுகட்டி எஸ்எஸ்டி வாங்கச் செல்வோர் பலர். ஆனால் நெருக்கடி பெரும்பாலும் சேமிப்பகத்தில் அன்றி என்கோடிங் எனப்படும் குறியாக்கத்தில்தான் எழுகிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமல் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, காட்சியைச் சிறு கோப்பாகச் சுருக்கும் கணக்கு வேலையே குறியாக்கம்.

1920×1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டாக, நொடிக்கு 60 படங்களைச் சுருக்காமல் சேமித்தால், நொடிதோறும் சுமார் 373 மெகாபைட் எழுதவேண்டியிருக்கும், சுழலும் ஹார்ட் டிஸ்க் அதற்கு ஈடுகொடுக்காது. 2003இல் வெளியான எச்.264 என்னும் தரமுறைப்படி நொடிக்கு 20 மெகாபிட்டாகச் சுருக்கினாலோ, எழுதவேண்டியது நொடிக்கு 2.5 மெகாபைட் மட்டுமே. ஒரு மணி நேரப் பதிவு 9 ஜிபிக்குள் அடங்கும், பழைய டிஸ்கும் அதை எளிதில் எழுதிவிடும். விண்டோசும் விளையாட்டும் பதிவும் ஒரே டிஸ்கில் இருந்து, மூன்றும் அதற்காகப் போட்டியிடும் நிலையில்தான் எஸ்எஸ்டி பெரிதும் உதவுகிறது.

ஆகவே அந்தச் சுருக்கும் வேலையை யார் செய்வது என்பதே முதன்மையான கேள்வி. எக்ஸ்264 போன்ற மென்பொருள் வழியாகச் செய்தால் முழுச் சுமையும் பிராசசர்மேல் விழுகிறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான், நான்கு கோர் பிராசசரோ அதற்குள் விளையாட்டின் கணக்குகளையும் முடித்தாகவேண்டும். இதற்கு மாற்றாக, குறியாக்கத்துக்கென்றே சிப்பில் தனிச் சுற்று ஒன்றை அமைக்கும் முறை வந்தது: இன்டெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களில் குவிக் சிங்க் என்பதையும், 2012இல் என்விடியா தன் கெப்ளர் கார்டுகளில் என்வென்க் என்பதையும் கொண்டுவந்தன. ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் இலவசப் பதிவு மென்பொருளின் அமைப்புகளில் என்கோடரை மாற்றினாலே இச்சுற்று வேலைக்கு வந்துவிடும். இது தம் கணினியிலேயே இருப்பதை அறியாமல் புதிய பாகம் வாங்குவது வீண் செலவு.

குறை எங்கே என்பதையும் அம்மென்பொருளே காட்டுகிறது. அதன் புள்ளிவிவரச் சாளரத்தில், குறியாக்கத் தாமதத்தால் விடுபட்ட படங்கள் ஒரு வரியிலும், கிராபிக்ஸ் கார்டுக்கு ஓய்வில்லாததால் தவறிய படங்கள் வேறொரு வரியிலும் தனித்தனியே பதிவாகின்றன. இரண்டாவது எண் ஏறுமானால் கார்டு முழு அளவில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளையாட்டின் படவேகத்தை 60க்கு வரம்பிட்டு, நிழல் முதலியவற்றின் தரத்தைச் சற்றுக் குறைப்பதே அதற்குத் தீர்வு, செலவு ஏதுமில்லை.

தனிக் கார்டு இல்லாத கணினியில் நிலைமை வேறு. அங்கே வரைகலைப் பகுதியும் பிராசசரும் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்வதால், ஒற்றை ரேம் தகட்டுடன் அதே வகைத் தகடு இன்னொன்றைச் சேர்த்து இரட்டைத் தடமாக்குவது மிகுந்த பயன் தரும். டிடிஆர்4 2666 வகையில் தரவு செல்லும் உச்சவேகம் நொடிக்கு 21.3 ஜிபியிலிருந்து 42.6 ஜிபியாக உயர்கிறது.

புதிய பாகம் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், மலிவு விலைச் சந்தையில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பெயரின் இறுதியில் எஃப் எழுத்துள்ள இன்டெல் கோர் டெஸ்க்டாப் பிராசசர்களில் உள்ளமை வரைகலை இல்லை. ஆதலால் குவிக் சிங்க்கும் இல்லை. என்விடியாவின் ஜிடி 1030 கார்டில் என்வென்க் கிடையாது. ஏஎம்டி 2022இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, விளையாட்டைத் திறம்பட ஓட்டினாலும், குறியாக்கச் சுற்று அறவே நீக்கப்பட்ட கார்டு. பதிவுசெய்ய விரும்புவோருக்கு அது பொருந்தாது. ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் அச்சுற்று உண்டு, அதன் அடிப்படை மின்தேவையும் 75 வாட் மட்டுமே என்பதால் பல மாதிரிகளுக்குத் தனி மின்கம்பி தேவைப்படுவதில்லை. சிறிய பவர் சப்ளை உள்ள பழைய கணினிக்கு இது முக்கியமான அனுகூலம். கடைக்காரரின் பரிந்துரையையோ பெட்டிமேல் அச்சிட்ட நினைவக அளவையோ மட்டும் நம்பாமல், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் எச்.264 குறியாக்கம் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்த்த பிறகே வாசகர்கள் பணம் செலுத்தவேண்டும்.