தோட்டக்கலைப் படிப்பு: எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு?

பிளஸ் 2 முடிவு வந்துவிட்டால் தோட்டக்கலை பற்றி விசாரிப்பவர்கள் பெருகிவிடுவார்கள். சமுதாயக் கல்லூரியின் ஆறு மாதப் படிப்பு, ஓராண்டுப் படிப்பு, பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுப் படிப்பு எல்லாவற்றையும் மக்கள் 'டிப்ளமோ' என்றே சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

சமுதாயக் கல்லூரியில் தோட்டக்கலை படித்தால் அரசு வேலை கிடைக்குமா?

உதவி தோட்டக்கலை அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பது, பிளஸ் 2-வுக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்த இரண்டாண்டு டிப்ளமோ. சமுதாயக் கல்லூரியின் ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ் அந்தக் கணக்கில் வராது. அதற்கு மேல்நிலையில் உள்ள தோட்டக்கலை அலுவலர் பணிக்கு நான்காண்டு பி.எஸ்சி. பட்டம் தேவை. அரசு வேலைதான் குறி என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டாண்டு டிப்ளமோவைப் பாருங்கள். மதிப்பெண் இடம் கொடுத்தால் பி.எஸ்சி. பட்டத்துக்குக் கோவை, பெரியகுளம், திருச்சி தோட்டக்கலைக் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

அப்படியென்றால் சமுதாயக் கல்லூரி எதற்கு?

அமெரிக்காவில் 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய முறை இது. அங்கே இரண்டாண்டு படித்தவர் அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டத்தைத் தொடர முடியும். நம் ஊரில் 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் இது வேரூன்றியபோது நோக்கம் வேறாக இருந்தது. படிப்பை நடுவில் விட்டவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் பிழைக்க ஒரு தொழில் கற்றுத்தருவதுதான் அது. அந்த நோக்கத்தோடு சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை. இங்கிருந்து பட்டப்படிப்புக்குத் தாவிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதத்தில் அப்படி என்ன கற்றுக்கொள்ள முடியும்?

ஒட்டுக்கட்டக் கற்றுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அது ஒன்றே போதும். மா ஒட்டுக்கன்றுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் ஊரே நாற்றங்கால்களாக இருக்கும். ஒட்டுக்கட்ட, நல்ல தாய்மரத்தில் குச்சியைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் மொட்டு திரளும். வேர்ச்செடியின் தலையைச் சீவிப் பிளந்து, ஆப்பு போலச் செதுக்கிய குச்சியை அதில் செருகி, இரண்டின் பட்டையோரமும் ஒட்டி நிற்கும்படி பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு ஒன்றையொன்று தொடாவிட்டால் ஒட்டு பிடிக்காது. கத்தி மழுங்கியிருந்தாலும் கை தயங்கினாலும் கன்று போய்விடும். புத்தகத்தில் இது ஒரு பக்கம். கையில் வர நூற்றுக்கணக்கான கன்றுகளை வீணாக்கியாக வேண்டும். கொய்யாவில் பதியம், ரோஜாவில் மொட்டுக்கட்டுதல், காய்கறியில் குழித்தட்டு நாற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்குவம் உண்டு. இந்தக் கைகளுக்கு நாற்றங்கால்களில் என்றும் வேலை உண்டு. பிறகு சொந்தமாக நிழல்வலைக்குடில் போட நினைத்தால் சில சென்ட் இடம் போதும்.

பூச்சிமருந்துக் கடை வைக்க இந்தச் சான்றிதழ் உதவுமா?

இங்கே ஓராண்டு டிப்ளமோவுக்கு மதிப்பு உண்டு. பூச்சிமருந்து விற்க உரிமம் கேட்பவர் வேளாண்மை, வேதியியல், தாவரவியல் போன்ற பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, தோட்டக்கலை, பயிர்ப்பாதுகாப்பில் அங்கீகரிக்கப்பட்ட ஓராண்டு டிப்ளமோ முடித்திருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் விதி. ஆறு மாதச் சான்றிதழ் செல்லாது.

நிலம் இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பு சரிவருமா?

வரும். அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, தொழிற்சாலை வளாகங்களில் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கலாம். மாடித்தோட்டம் அமைத்துத் தரலாம். சொட்டுநீர்க் குழாய் பதிப்பதும் பழுது பார்ப்பதும் கிராமப்புறத்தில் நல்ல தொழில். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்க்கும் பண்ணைகளுக்கு மேற்பார்வையாளர்கள் தேவை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு வகுப்பறையைவிட நாற்றங்காலைக் காட்டச் சொல்லுங்கள். தாய்மரங்கள் வளாகத்திலேயே இருக்கின்றனவா, ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் எத்தனை ஒட்டுக் கட்டுகிறார், அதில் எத்தனை பிழைக்கிறது என்று கேளுங்கள். பதில் ஆசிரியரிடமிருந்து வருவதைவிட, அங்கே மண்கலவை நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவரிடமிருந்து வந்தால் நம்பிச் சேருங்கள்.