தூளுக்குப் பழகிய நாக்கு

தக்காளி, மசாலா, சீஸ், பெரி பெரி, க்ரீம் ஆனியன், புதினா என்று பாப்கார்னிலும் சோளச் சுருளிலும் இன்று கிடைக்காத சுவையே இல்லை. எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று எழுதித் தரச் சொன்னார்கள். கோடை விடுமுறை நேரம், வாசகர்கள் விரும்புவார்கள் என்றார்கள். வாங்கினேன். நானும் சாப்பிட்டேன், எங்கள் தெருப் பிள்ளைகளையும் சாப்பிட வைத்தேன். வரிசை ஒன்று கிடைக்கத்தான் செய்தது. ஆனால் அதைப் போடும்போது பிள்ளைகளிடம் நான் பார்த்த விஷயம் என்னை இன்னும் விடவில்லை. அதனால் வரிசையை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

பாப்கார்னில் உப்பும் மிளகும் மட்டும் போட்டதற்கே முதலிடம். சூடு ஆறிய பிறகும் சாப்பிட முடிந்தது அது ஒன்றுதான். சீஸ் தூள் போட்டது முதல் வாய்க்கு அருமை, நாலாவது வாய்க்குத் திகட்டல். பெரி பெரியில் காரம் என்று நாம் நினைப்பது பாதிக்கு மேல் புளிப்பும் உப்பும். சோளச் சுருள்களில் மசாலா தேறியது. சீரகமும் மல்லியும் மூக்குக்குத் தெரிந்தன. தக்காளியில் புளிப்பு முன்னால் வருகிறது, இனிப்பு பின்னால் தங்குகிறது, தக்காளி மட்டும் கடைசிவரை வரவில்லை. புதினாவில் குளிர்ச்சி இருந்தது, இலையின் பச்சை வாசம் இல்லை. க்ரீம் ஆனியனைப் பிள்ளைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் வரிசை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உணவு ஆய்வுக்கூடங்களில் ருசி பார்ப்பதற்கென்று ஒழுங்குமுறைகள் உண்டு. பண்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கிண்ணத்தில் ஒரு மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். நிறம் மனத்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சில நேரம் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே வெறும் தண்ணீர். மூன்று கிண்ணங்களில் இரண்டு ஒன்றுபோல இருக்கும், மாறுபட்ட மூன்றாவதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஒரு சோதனை. நம் வீட்டில் சிவப்பு விளக்குக்கு எங்கே போவது? பிள்ளைகளின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினோம்.

கடையில் தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்து “அது தக்காளி, இது சீஸ்” என்று அடித்துச் சொல்லும் பிள்ளைகள், கண்ணைக் கட்டியதும் தடுமாறினார்கள். தக்காளியைப் பெரி பெரி என்றான் ஒருவன். சீஸும் க்ரீம் ஆனியனும் மாறிமாறி வந்தன. அடுத்து மூக்கையும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான், ஒருவராலும் எதையும் சொல்ல முடியவில்லை. “எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி, உப்பா இருக்கு” என்றாள் ஐந்தாவது படிக்கும் ஒரு சிறுமி. அன்று வந்த தீர்ப்புகளில் துல்லியமானது அதுதான்.

நாக்குக்கு நேரடியாகத் தெரிவது உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, அதோடு இறைச்சிச் சாற்றிலும் முற்றிய தக்காளியிலும் இருக்கிற ஒருவகைச் செறிவு. இந்த ஐந்தாவதை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயி இக்கேடா, கடற்பாசி கொதித்த நீரிலிருந்து பிரித்தெடுத்து, அதற்குக் காரணம் குளூட்டமேட் என்று காட்டினார். மற்றபடி தக்காளி, புதினா, வெண்ணெய் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் மூக்கின் வேலை. பாக்கெட்டுக்குள் இருக்கும் தூளைச் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடிப்படைக் கலவை பெரும்பாலும் ஒன்றே: உப்பு, சர்க்கரை, மால்ட்டோடெக்ஸ்ட்ரின், சிட்ரிக் அமிலம், செறிவுக்குக் குளூட்டமேட் அல்லது ஈஸ்ட் சாறு. அதன்மேல் ஒரு வாசனை, ஒரு நிறம். வாசனையையும் நிறத்தையும் மாற்றினால் அடுத்த சுவை தயார். பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் 627, 631 என்று இரண்டு எண்கள் பல நேரம் இருக்கும். அவை குளூட்டமேட்டோடு சேரும்போது அந்தச் செறிவைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் உப்புகள். பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழித்துக் கவிழ்த்து உள்பக்கம் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து நக்குகிறார்களே, அவர்கள் தேடுவது இதைத்தான்.

சோளச் சுருளின் பிறப்பே இதற்குத் தோதாக அமைந்தது. 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் என்ற ஊரில், கால்நடைத் தீவனத்துக்கு மக்காச்சோளத்தை நசுக்கும் ஆலை ஒன்று இருந்தது. எந்திரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஈரமான சோளத்தை உள்ளே போடுவார்கள். அது சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, வாய்வழியே வெளிவந்த கணத்தில் உப்பி, நீண்ட பஞ்சு நாடாவாக விழுந்தது. அங்கே வேலை செய்த ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணெயில் பொரித்து, சுவை சேர்த்துத் தின்று பார்த்தார். இன்றைக்கும் அதே முறைதான். மாவு உருகி, உப்பி, காய்ந்து, ஒரு பெரிய உருளைக்குள் புரண்டபடி எண்ணெயையும் தூளையும் ஏற்றுக்கொள்கிறது. தூள் போடுவதற்கு முன் அதை எடுத்து வாயில் போட்டால் சுவை என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை.

அதற்கு இருப்பது சத்தம் மட்டுமே. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிப்பவரின் காதில் அவர் கடிக்கும் ஒலியையே மாற்றி ஒலிக்கவிட்டார்கள். ஒலியைக் கூட்டியபோது அதே சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் தோன்றியது. குறைத்தபோது நமத்துப்போனதாகத் தோன்றியது. உப்பிய பண்டத்துக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. கடித்த நொடியில் கரைந்துபோகிறது. வாயில் எதுவும் மிஞ்சாததால், சாப்பிட்ட கணக்கு மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. எண்ணெயும் மாவும் வயிற்றுக்குள் போய்விட்டன, கை மட்டும் அடுத்ததைத் தேடுகிறது.

பாப்கார்ன் இதில் சேர்த்தி இல்லை, அல்லது சேர்ந்திருக்க வேண்டியதில்லை. கடினமான தோலுக்குள் 13, 14 சதவீத ஈரத்தை அடைத்துவைத்திருக்கும் தனி வகை மக்காச்சோளம் அது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள்ளிருக்கும் நீராவி தோலைப் பிளந்துகொண்டு வெளியேற, வெந்த மாவு நுரைத்து வெள்ளையாக விரிகிறது. வறுத்த தானியத்தின் வாசனை அதற்கே உண்டு. மெல்ல வேண்டும், பல்லுக்கு வேலை இருக்கும், நார்ச்சத்தும் இருக்கும். நாம் தலைமுறை தலைமுறையாக மணலில் பொரித்த அரிசிப் பொரிக்கும், கார்த்திகைக்குச் செய்யும் நெல் பொரிக்கும் உறவுக்காரப் பண்டம். அதனால், தூள் எதுவும் போடாமல், அடுப்பில் அப்போதுதான் பொரித்த பாப்கார்னை ஒரு சிட்டிகை உப்போடு பிள்ளைகளிடம் கொடுத்தேன். கண் கட்டு அவிழ்த்தாயிற்று, விளையாட்டு முடிந்தது, இது பரிசு என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

“இதுல ஒண்ணுமே இல்லையே ஆன்ட்டி” என்றான் ஒரு பையன். இன்னொருவன் கிண்ணத்தை நகர்த்திவிட்டுக் காலி பாக்கெட்டில் ஒட்டியிருந்த தூளைத் தொட்டு அதன்மேல் தடவிக்கொண்டான். மூன்று வயது இருக்கும் ஒரு குழந்தை மட்டும் பேசாமல் தின்றுகொண்டிருந்தது. அதற்கு இன்னும் பாக்கெட் பழகவில்லை என்றார் அதன் அம்மா.

அன்றிலிருந்து என் கவலை முழுக்க இதுதான். உடல் எடை, ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நாக்கைப் பற்றி யார் பேசுகிறார்கள்? எங்கள் தெருவில் மட்டுமல்ல, தெரிந்த வீடுகள் பலவற்றிலும் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஐந்து ரூபாய் பாக்கெட்டை உடைத்து வைக்கிறார்கள். “அதைக் கண்டாத்தான் வாயைத் திறக்கிறான், நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்கும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கிற பெண் அவர். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ரசத்தின் மிளகும் பூண்டும் எப்படித் தெரியும்? அவரைக்காயின் இளம் துவர்ப்பு, கீரையின் மண் வாசம், புழுங்கலரிசிச் சோற்றை வெறும் வாயில் மெல்லும்போது மெதுவாக வருகிற இனிப்பு, இவையெல்லாம் தாழ்ந்த குரலில் பேசுபவை. தூளோ காதருகே வைத்த ஒலிபெருக்கி. அதைக் கேட்டுக் கேட்டு வளரும் நாக்குக்கு மற்றவை எல்லாம் ‘ஒண்ணுமே இல்லை’ ஆகிவிடுகின்றன.

இப்படி ஆக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் சின்ன நீலக் காகிதத்தில் உப்பைத் தனியாக மடித்து வைத்திருப்பார்கள். வேண்டியவர் வேண்டிய அளவு தூவிக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் விடலாம். 1954-இல் அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கிய ஒரு சிறு தொழிற்சாலை, சீஸையும் வெங்காயத்தையும் சிப்ஸிலேயே ஏற்றி விற்கத் தொடங்கியது. உலகம் அதன் பின்னால் போனது. உப்பு எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை தின்பவரின் கையிலிருந்து போனது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உணவுத் தொழில்நுட்பம் படித்த நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. சேர்க்கப்படும் எல்லாம் அனுமதிக்கப்பட்டவை, குளூட்டமேட் தக்காளியிலும் தாய்ப்பாலிலுமே இருக்கிறது, 20 கிராம் பாக்கெட்டில் அரை கிராம் உப்பு இருந்தால் அதிகம் என்கிறார். அவர் சொல்வதில் பிழையில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதுதான் பெரியவர்களுக்கு உலக அளவில் சொல்லப்படும் வரம்பு. அதன் பக்கத்தில் இந்த அரை கிராம் சிறியதுதான். ஆனால் அதே சிறிய அளவு நாக்கின் நுனியில், தூளாக, தினமும், நாலு வயதிலிருந்து விழுகிறது. என் கேள்வி எடையைப் பற்றியது அல்ல, பழக்கத்தைப் பற்றியது.

பழக்கம் திரும்பும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1982-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உப்பைக் குறைத்துச் சாப்பிட்டு வந்தவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்றத் தொடங்கியது. குழந்தைகள் புதிய காய் ஒன்றை ஏற்க, எட்டுப் பத்துத் தடவையாவது அது தட்டில் வந்துபோக வேண்டியிருக்கலாம் என்பதும் நெடுநாளாகச் சொல்லப்படுகிற விஷயம். முதல் இரண்டு மறுப்புகளோடு நாம் விட்டுவிடுகிறோம், மூன்றாவது நாள் பாக்கெட் வந்துவிடுகிறது. பாப்கார்ன் வாங்கியே தீர வேண்டுமென்றால் தூள் கலக்காத சோளத்தை வாங்கி, மூடி போட்ட கனமான பாத்திரத்தில், ஒரு கரண்டி எண்ணெயில் வீட்டிலேயே பொரியுங்கள். உப்பைப் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் மிளகு, ஒரு வாரம் இட்லிப் பொடி, ஒரு வாரம் வெறும் நெய்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் அந்த 50 மீட்டரை நடந்து பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும். சிலி நாட்டில் 2016 முதல் இத்தகைய பாக்கெட்டுகளின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் அது புரியும். நம் ஊரில் சேர்மானப் பட்டியல் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தாலே சட்டத்துக்குப் போதும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய், தன் பிள்ளை தின்பதில் என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாமலே வாங்கிக் கொடுக்க வேண்டும். முகப்பில் படம் பெரிதாக இருக்கிறது, முதுகில் எழுத்து எறும்பளவு. தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவுகளாவது தமிழில், படிக்கிற அளவில் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

அதுவரை ஒன்று செய்யலாம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. தக்காளிச் சுவை என்று போட்ட பாக்கெட்டைத் திருப்பி, சுவைத்தூளின் பட்டியலில் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே, தக்காளி எங்கே என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அவனையே படிக்கச் சொல்லுங்கள். உப்புக்குப் பின்னால் தக்காளி வந்தால், அந்தத் தூளில் தக்காளியைவிட உப்பு அதிகம். அண்ணாச்சி கடை வாசலில், காசு கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.