வளைமரம் அமைத்தல்

படகின் அணியச் சட்டமும், வங்கு எனப்படும் விலாச்சட்டங்களும் வளைந்திருத்தல் வேண்டும். தடித்த பலகையினின்று அவ்வளைவை அறுத்தெடுப்பின் மரத்தின் நார் இடையிடையே அறுபடும். அலை மோதுங்கால் ஆண்டுப் பிளவு தோன்றும். ஆதலின், இல்லத்திலேயே படகு கட்டுவோர் பிறிதொரு முறையைக் கையாளுவர்.

மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுப்பர். தடிப்புப் பாதியாயின், ஒரு பட்டையை வளைத்தற்கு வேண்டும் விசை 8-இல் ஒரு பங்காகக் குறையும். பட்டைகள் பொருந்தும் முகங்களில் எப்பாக்சிப் பசை பூசி, வளைந்த அச்சின்மேல் அடுக்கி, இறுக்கு கருவிகளால் பிணிப்பர். பசை முழுதும் பிதுங்கி வெளியேறுமாறு இறுக்கலாகாது. அது கெட்டிப்படுமுன் அவிழ்த்தலும் ஆகாது. அவிழ்த்தபின் மரம் சிறிதே நிமிருமாதலின், அச்சினை முன்னரே சற்று மிகுதியாக வளைத்தமைப்பர். பட்டைகள் பலவாயின் அந்நிமிர்வு குறையும்.

இங்ஙனம் அமைந்த சட்டத்தில் நார் அறுபடாது வளைவுடனே ஓடும். படகில் செல்வோர் உயிர் ஒட்டின் உறுதியைப் பொறுத்தது. ஆதலின் பொறுமையே இத்தொழிலின் முதற்கருவி.